சைக்கிளுக்கு மணியா, ஹாரனா? செங்கோட்டை – புளியரை சாலையில் ஆறு வருடம்

செங்கோட்டையிலிருந்து புளியரையில் இருக்கும் வயலுக்கு ஆறு வருடமாக சைக்கிளில்தான் போய் வருகிறேன். இதற்குள் ஹேண்டில்பாரில் நான்கு சத்தம் மாறிவிட்டது. இப்போது இருப்பது ஒரு பித்தளை மணி. மாட்டி மூன்றரை வருடம் ஆகிறது, இனி மாற்றுகிற எண்ணம் இல்லை.

சாலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை இது. கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு பக்கம் போகிற லாரிகள் இரவும் பகலும் ஓடும். லாரி டிரைவருக்கு சைக்கிள் மணி கேட்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்ட காருக்குள்ளும் கேட்காது. அவர்கள் விஷயத்தில் நம்மைக் காப்பாற்றுவது பிரேக்கும், பின்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு ரிப்ளெக்டரும்தான். மணி என்பது நமக்கு முன்னால் நடந்து போகிறவர்களுக்கு, ஆடுகளுக்கு, அறுப்பு முடிந்த வயலுக்கு ஓட்டிப்போகும் வாத்துகளுக்கு. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

சைக்கிளோடு வந்தது வழக்கமான ட்ரிங் ட்ரிங் மணி. கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் சுழலும், அதோடு சுழலும் தட்டில் லூசாகக் கிடக்கும் இரண்டு வாஷர் கிண்ணத்தின் விளிம்பில் மோதும். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் சாரலுக்கு அது தாங்கவில்லை. குரோமியம் உரிந்து துரு ஏறியதும் நாதம் போய், தகர டப்பாவைத் தட்டுகிற சத்தமாகிவிட்டது. நான் தேங்காய் எண்ணெய் விட்டதும் தப்பு. தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகிவிட்டது. மூடியைத் திருகிக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நைலான் பல் தேய்ந்து வழுக்க ஆரம்பித்திருந்தது. இதே வகை வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே இரும்புப் பல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்து எலக்ட்ரானிக் ஹாரன். சார்ஜ் போடுவது, ஆறு விதமான சத்தம், பெட்டியில் 120 டெசிபல் என்று அச்சடித்திருந்தது. வாங்கிய முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரம் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் பின்னால் அதை அடித்தேன். அவர் பதறித் திரும்பியதில் கட்டு சரிந்தது, ஒரு கால் சாலைக்குள் வந்துவிட்டது. நல்லவேளையாக வண்டி எதுவும் வரவில்லை. இறங்கிக் கட்டைத் தூக்கிவிட்டேன். "எய்யா, மணி அடிச்சா ஒதுங்க மாட்டனா? எதுக்கு இப்படி அலற விடுதே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. பதறுகிற ஆள் எந்தப் பக்கம் துள்ளுவார் என்று யாருக்கும் தெரியாது. மணி சத்தம் கேட்டால் 'சைக்கிள் வருகிறது' என்று புரிந்து ஒதுங்குவார்கள். ஹாரன் கேட்டால் என்ன வருகிறது என்று பார்க்கத் திரும்புவார்கள். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மணி கட்டாயம், வேறு ஒலிக்கருவி எதுவும் பொருத்தக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. அதன் நியாயம் அன்று காலையில் எனக்கு விளங்கியது. ஹாரன் அந்த வருடச் சாரலில் சார்ஜ் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி நின்றுபோனது. நான் வருத்தப்படவில்லை.

ரப்பர் பந்து வைத்த பாம் பாம் ஹாரன் இரண்டு மாதம் இருந்தது. எங்கள் தெருவில் அது மீன்காரர் சத்தம். அதைக் கேட்டு இரண்டு வீட்டில் சட்டியோடு வெளியே வந்து நின்றார்கள். ஒருவருடைய பிழைப்புச் சத்தத்தை நாம் எடுத்துக்கொள்வது சரியில்லை என்று கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் பித்தளை மணி. கடை அண்ணாச்சி இரண்டு மணியை எடுத்து வைத்து, "ரெண்டையும் தட்டிப் பாருங்க தம்பி, எது ரொம்ப நேரம் முனங்குதோ அதை எடுங்க" என்றார். வாங்கியது 350 ரூபாய். பல்சக்கரம் எதுவும் இல்லை. ஒரு ஸ்பிரிங், நுனியில் சின்னச் சுத்தி, மேலே கிண்ணம், அவ்வளவுதான். கிண்ணம் கொஞ்சம் பெரிதாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். சிறிய கிண்ணம் கீச்சென்று ஒலிக்கும். வயதானவர்களுக்கு முதலில் குறைவது அந்த உச்சமான சத்தம் கேட்கும் திறன்தான். பெரிய கிண்ணத்தின் கனத்த நாதம் அவர்களுக்கும் எட்டுகிறது.

காற்றைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே இருக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று எங்கள் மேல் கொட்டும். காலையில் புளியரைக்குப் போகும்போது காற்றை எதிர்த்துப் போகிறேன், அடிக்கிற மணி எனக்குப் பின்னால் போய்விடும். பத்தடி நெருங்கினால்தான் முன்னால் போகிறவர் காதில் விழும். சாயங்காலம் திரும்பும்போது அதே மணி வெகு தூரத்துக்குக் கேட்கிறது. ஆகவே போகும்போது வேகத்தைக் குறைத்து இரண்டு தட்டு, வரும்போது தூரத்திலிருந்தே ஒரு தட்டு.

குறை இல்லாமல் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் சுத்தி தானாக அடித்துக்கொள்ளும். பெருமழையில் கிண்ணத்தின் மேல் தண்ணீர் ஒட்டி நாதம் குறுகிவிடும். பச்சை பிடிக்கும், ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

பொருத்தும் இடம் முக்கியம். பிடிக்குப் பக்கத்தில் ஹேண்டில் கம்பி 22.2 மி.மீ. இருக்கும், பெரும்பாலான மணி அதற்குப் பொருந்தும். கியர் சைக்கிள்களில் நடுப்பகுதி 31.8 மி.மீ. வரை தடிக்கும், அங்கே மணியைப் பிடிக்கும் வளையம் எட்டாது. கொஞ்சம் லூசாக இருந்தால் பழைய டியூப் துண்டு ஒன்றை அடியில் சுற்றலாம். பிரேக் கேபிள் கிண்ணத்தைத் தொட்டால் சத்தம் செத்துவிடும். இரண்டு விரல் பிரேக்கில் இருக்கும்போதே கட்டைவிரல் எட்ட வேண்டும். நான் இடது பக்கம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வலது கை முன் பிரேக்கை விடக் கூடாது.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் விடியலில் கூட்டமாக நடந்து போவார்கள். ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஒரு தட்டுத் தட்டி "சாமி, ஓரம்" என்றால் எல்லோரும் வழி விடுகிறார்கள். சரண கோஷம் போட்டுக்கொண்டு போனால் மட்டும் எதுவும் கேட்காது. அப்போது இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர்களோடு கொஞ்ச தூரம் நடக்கிறேன்.