மூன்று குளிர்காலமும் ஒரு கறுப்பு டீப்பாயும்

ஜூன் பிறந்ததும் சிநேகிதி கேட்டாள்: "அக்கா, உங்க வீடு மாதிரி நானும் கூடத்துல கொஞ்சம் கறுப்பு சேர்க்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பக்கத்து லெனேசியாவில் எங்களுடையது பழைய வீடு. 2023 ஜூனில் கூடத்தின் ஒரே ஒரு சுவருக்குப் பளபளப்பில்லாத மேட் கறுப்பு அடித்தோம். கூடவே கனமான கறுப்புத் திரை, நாலு வெல்வெட் திண்டு உறை, ஒரு கறுப்பு டீப்பாய். "நல்லது நடக்கிற வீட்டுல கறுப்பா?" என்று மாமியார் ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

டீப்பாய்தான் என் உயிரை எடுக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், அப்போது மழை அநேகமாகக் கிடையாது. ஆகஸ்டில் காற்று கிளம்பிவிட்டால் சுரங்க மண்மேடுகளின் வெளிர்மஞ்சள் தூசி ஜன்னல் சந்தில் புகுந்து வந்துவிடும். 1886-ல் இங்கே தங்கம் கண்டுபிடித்த பிறகு, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, சக்கையை மலை மலையாகக் கொட்டி வைத்தார்கள். தங்கம் யார் யார் வீட்டுக்கோ போனது, மாவு என் டீப்பாய்க்கு வருகிறது. காலையில் துடைத்தால் சாயங்காலம் சின்னவன் அதில் விரலால் பெயர் எழுதுகிறான். முன்பிருந்த தேக்கு நிற டீப்பாயிலும் இதே தூசி விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் நிம்மதியாக இருந்தேன்! காய்ந்த துணியால் தேய்த்தால், இந்த வறண்ட காற்றில், இன்னும் அதிகமாக இழுத்து ஒட்டிக்கொள்ளும். துணியை லேசாக ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் போயிற்று.

சுவரைத் துடைக்கப் போகாதீர்கள். மேட் பெயிண்ட் தேய்த்த இடத்தில் பளபளத்துவிடும். எங்கள் சுவிட்சைச் சுற்றி ஒரு வட்டம் அப்படியே நிற்கிறது. திண்டு உறையில் என் வீட்டுக்காரர் தலையின் தேங்காயெண்ணெய்க்கு நிரந்தர முகவரி. திரையைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்குப் பக்கம் என்பதால், பகலில் வடக்கு ஜன்னல் திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டு, ஐந்து மணிக்கு இழுத்து மூடிவிடுவேன். குளிரைத் தடுப்பது துணியின் கனம்தான். எந்த நிறத்தில் வாங்கியிருந்தாலும் தடுத்திருக்கும். கறுப்பு வாங்கியதில் மிச்சம், ஓரமெல்லாம் வெளுத்துக் காபிப்பொடி நிறமானதுதான்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2023-ல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, ஆறாம் ஸ்டேஜ் வரை போனது. ஸ்டேஜ் ஏற ஏற கரண்ட் இல்லாத நேரமும் ஏறும். ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஜூலை மாதம். கரண்ட் போன ஒரு மாலை, பழைய குத்துவிளக்கை அந்தச் சுவர் முன்னால் ஏற்றி வைத்தேன். பதினோரு வருஷமாக க்ரீம் நிறச் சுவர் முன்னால் நின்ற அதே விளக்குதான். அன்றைக்குப் பித்தளை தகதகவென்று எரிந்தது, பின்னால் சுவர் இருப்பதே தெரியவில்லை. அறையில் மற்றதெல்லாம் இருட்டு, செருப்பைக் கூடத் தேட முடியவில்லை, அது வேறு கதை. மாமியார் ஒன்றும் பேசவில்லை. தன் நாற்காலியை மட்டும் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாளிலும் விளக்கேற்றும் நேரத்துக்குக் கூடத்து லைட்டை அணைக்கச் சொல்கிறார்.

சிநேகிதிக்கு "வேண்டாம்டி, கைவலிதான் மிச்சம்" என்று எழுதிவிட்டேன். காலையில் டீப்பாயை இரண்டாம் தடவை துடைத்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி அது. விளக்கு வைத்த பிறகு கேட்டிருக்கலாம் அவள்.