மொனாக்கோவில் ஒரு மணி நேரம்: ஜப்பானியத் தோட்டமா, ரோஜாத் தோட்டமா?

மொனாக்கோவில் கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, ஒரே ஒரு தோட்டத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் ஜப்பானியத் தோட்டத்தைத்தான் சொல்வேன். இரண்டுக்குமே நுழைவுக் கட்டணம் கிடையாது.

தோட்டக்கலை வடிவமைப்பாளர் யாசுவோ பெப்பு வடிவமைத்த ஜப்பானியத் தோட்டம் 1994-இல் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 7,000 சதுர மீட்டர். சுற்றிலும் அடுக்குமாடிகள், ஒரு பக்கம் மத்தியதரைக் கடல். உள்ளே போனால் அருவிச் சத்தம். சிவப்பு வளைவுப் பாலத்தில் நின்று குனிந்தால், ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோய் மீன்கள் வாயைத் திறந்தபடி நம் நிழல் விழும் இடத்துக்கே வந்து கூடும். அப்புறம் அந்தச் சரளைக்கல் முற்றம்! சீப்பால் வாரியது போன்ற கோடுகள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அலையைக் காட்டுகின்றன. பைன் மரங்களைக் கத்தரித்து வளர்த்திருக்கும் பொறுமையைப் பார்க்கவே தனியாக நேரம் வேண்டும்.

ஃபோன்வியே பகுதியிலுள்ள ரோஜாத் தோட்டம், 1982-இல் மறைந்த மொனாக்கோ இளவரசி கிரேஸின் நினைவாக 1984-இல் திறக்கப்பட்டது. மே, ஜூனில் மணமே ஆளை நிறுத்திவிடும். குளிர்காலத்திலோ பெரும்பாலும் முள்ளும் கிளையும்தான். கல்லுக்கும் நீருக்கும் பைனுக்கும் அந்தக் கவலை இல்லை.

நீங்கள் போவது ரோஜா பூக்கும் மாதம் என்றால், சரி, ஃபோன்வியேவுக்கே போங்கள்.