ஃபேன்டசியா, அறிவியல் புனைகதையா, காதல் நாவலா: இரண்டாம் வாசிப்பில் எது தாங்குகிறது?

இந்த மூன்றில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் "அது மனநிலையைப் பொறுத்தது" என்பதுதான் வழக்கமான பதில். பொய்யில்லை, ஆனால் கேட்டவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. படிக்கக் கிடைக்கும் நேரம் அளவானது, அலமாரியும் அளவானது. எதை வைத்துக்கொள்வது, எதைப் படித்ததும் கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

ஃபேன்டசி புது உலகத்தைக் காட்டும், அறிவியல் புனைகதை யோசிக்க வைக்கும், காதல் நாவல் மனசை இளக்கும். இதெல்லாம் தெரிந்த சங்கதி. நான் பார்ப்பது மறுவாசிப்பை மட்டும்தான். முதல் தடவை படிக்கும்போது "அடுத்து என்ன ஆகும்" என்கிற ஆவல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். மோசமான வாக்கியம், ஓட்டைக் கதை, அட்டைப் பாத்திரம் எல்லாவற்றையும் அந்த ஆவல் மூடிவிடும். இரண்டாம் தடவை அது இருக்காது, அப்போதுதான் எழுத்து தனியாக நின்று பதில் சொல்லியாக வேண்டும். இந்த அளவுகோலில் என் ஓட்டு காதல் நாவலுக்கு.

ஃபேன்டசியை முதலில் பார்த்துவிடலாம். அதன் சிக்கல் தரம் கிடையாது, பராமரிப்பு. ராபர்ட் ஜோர்டனின் "தி வீல் ஆஃப் டைம்" 1990இல் தொடங்கி 2013இல் முடிந்தது, முதன்மைத் தொகுதிகள் மட்டும் 14. ஜோர்டன் 2007இல் இறந்துபோனார், கடைசி மூன்று தொகுதிகளை அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். மொத்தம் பத்தாயிரம் பக்கங்களைத் தாண்டும். நாளுக்கு 30 பக்கம் என்று வைத்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் வேறு எதையும் தொடாமல் படிக்க வேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் முதல் மூன்று நாவல்கள் 1996, 1998, 2000 என்று ஒழுங்காக வந்தன. நான்காவது 2005இல், ஐந்தாவது 2011இல். ஆறாவதுக்கு வாசகர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். இப்படி இடைவெளி விழும்போது வாசகர் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். அது ரசித்துச் செய்கிற மறுவாசிப்பு ஆகாது, பெயர்களை நினைவுபடுத்திக்கொள்ளும் வேலை.

பெரிய ஃபேன்டசி எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. டோல்கீனின் "தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" எழுதி முடிக்கப்பட்ட ஒரே நாவல். காகித விலையும் அச்சுச் செலவும் பதிப்பகத்தை யோசிக்க வைத்ததால்தான் மூன்று தொகுதிகளாகப் பிரிந்தது. முதல் தொகுதி 1954 ஜூலையில், கடைசித் தொகுதி 1955 அக்டோபரில். பதினைந்து மாதத்தில் முழுக் கதையும் வாசகர் கையில். அதனால், ஃபேன்டசிக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தொடர் முடிந்துவிட்டதா என்பதை. முடியவில்லை என்றால், முதல் தொகுதி தன்னளவில் ஒரு கதையை முடித்து வைக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தொடங்கிய பிறகு, முதல் நூறு பக்கத்தில் வரும் பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் உறவுமுறையோடு எழுதி புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னிணைப்பில் உள்ள பெயர்ப் பட்டியலில் கதையின் திருப்பங்கள் வெளிப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி எடுத்தாலும் அந்தக் காகிதம் கைகொடுக்கும்.

இரண்டாம் வாசிப்பில் ஃபேன்டசி சரிவது பெரும்பாலும் மந்திரத்தின் கணக்கில்தான். மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்தால் என்ன விலை கேட்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சக்கட்டத்தில் நாயகன் தப்புவது ஆசிரியரின் தயவு ஆகிவிடும். 1968இல் வந்த உர்சுலா லெ க்வினின் "எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ" இதைச் சுமார் இருநூறு பக்கத்தில் செய்து காட்டுகிறது. ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. இந்த விதி தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது, முடிவும் இதிலிருந்தே பிறக்கிறது. ஃபேன்டசியில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.

அறிவியல் புனைகதைக்கு வேறு சிக்கல். அதன் கருவிகள் மூப்படைந்துவிடும். வில்லியம் கிப்சனின் "நியூரோமான்சர்" 1984இல் வந்தது. ஒளிபரப்பு இல்லாத அலைவரிசையில் வைத்த தொலைக்காட்சியின் நிறத்தில் வானம் இருந்தது என்று நாவல் தொடங்குகிறது. அன்றைய வாசகர் கண்ணில் புள்ளிகள் பறக்கும் சாம்பல் திரை தெரிந்தது. பின்னால் வந்த தொலைக்காட்சிகள் சிக்னல் இல்லாதபோது பளிச்சென்ற நீலத்தைக் காட்டின. அதே வாக்கியம், வானத்தின் நிறம் மட்டும் மாறிவிட்டது. கணினி வெளிக்குள் மனிதர் நுழைகிற அந்த நாவலில், நாயகன் நடந்து போகப் போக வரிசையாக நிற்கும் பொதுத் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கும் காட்சியும் உண்டு. கைபேசி அந்த எதிர்காலத்துக்குள் வரவே இல்லை.

கருவியை நம்பாமல் கணக்கை நம்பும் நாவல்கள் நன்றாகத் தாங்கும். ஆர்தர் சி. கிளார்க்கின் "ராண்டேவு வித் ராமா" (1973) அதற்கு நல்ல சான்று. சூரியக் குடும்பத்துக்குள் வந்து சேரும் பிரம்மாண்டமான உருளை வடிவ விண்கப்பல், 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழல்கிறது. உட்புற ஆரத்தை 8 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், விளிம்பில் உணரும் ஈர்ப்பு புவியில் இருப்பதில் பாதிக்குச் சற்று அதிகம். அச்சில் எடை பூஜ்யம். ஆகவே நடுவிலிருந்து படியிறங்குகிறவருக்கு ஒவ்வொரு படியிலும் உடம்பு கனத்துக்கொண்டே வரும். பயணிகள் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே துணிகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது. மறுபடி படிக்கும்போது வாசகரே சரிபார்த்துக்கொண்டு போகலாம், அது தனி இன்பம்.

ஆனால் அந்தக் கப்பலுக்குள் நடக்கும் மனிதர்களின் முகம் எத்தனை நினைவிருக்கிறது? இங்கேதான் எனக்கு அறிவியல் புனைகதையோடு பிணக்கு. வியப்பு ஒருமுறை செலவானால் செலவானதுதான். இரண்டாம் தடவையும் தழைத்து நிற்கும் அறிவியல் புனைகதை என்று யோசித்தால் லெ க்வினின் "தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்" (1969) முதலில் வருகிறது. நிரந்தரமான ஆண், பெண் பால் இல்லாத மக்கள் வாழும் உறைபனிக் கிரகம், அங்கே தூதனாகப் போகும் ஒருவன். முதல் வாசிப்பில் கிரகம் நம்மை ஆட்கொள்கிறது. இரண்டாம் வாசிப்பில், அந்தத் தூதன் எஸ்ட்ராவன் என்கிற ஒரே ஆளைப் பக்கத்துக்குப் பக்கம் எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறான் என்பது கண்ணை அறுக்கும். ஒருவர் இன்னொருவரைத் தவறாக எடை போட்டு, மெல்ல மெல்லத் திருத்திக்கொள்வது. இது காதல் நாவலின் வேலை. அறிவியல் புனைகதை இரண்டாம் முறை உயிரோடு இருப்பது அந்த வேலையைக் கடன் வாங்கிச் செய்யும்போதுதான் என்பது என் கருத்து.

காதல் நாவலின்மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, முடிவு முன்பே தெரியும் என்பது. ஆமாம், தெரியும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் வைத்த வரையறையே இரண்டு நிபந்தனைதான்: காதல் கதை மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். முதல் பக்கத்திலேயே முடிவைக் கொடுத்துவிட்டு முந்நூறு பக்கம் படிக்க வைக்க வேண்டுமென்றால், ஆவலைத் தூண்டிலாகப் போட முடியாது. காட்சிக்குக் காட்சி, பேச்சுக்குப் பேச்சு சம்பாதித்தாக வேண்டும். அதாவது, நல்ல காதல் நாவலின் முதல் வாசிப்பே மற்ற வகைகளின் இரண்டாம் வாசிப்புக்குச் சமம்.

ஜேன் ஆஸ்டினின் "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" (1813) 61 அத்தியாயம். முதல் வரைவுக்கு அவர் வைத்த பெயர் "முதல் அபிப்பிராயங்கள்" என்ற பொருளில் இருந்தது. 34ஆம் அத்தியாயத்தில் டார்சி தன் காதலைச் சொல்கிறான், எலிசபெத் மறுக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவன் கடிதம். 36ஆம் அத்தியாயத்தில் அவள் அந்தக் கடிதத்தைப் படிக்கிறாள், நம்ப மறுத்து மடித்து வைக்கிறாள், அரை நிமிடத்தில் திரும்பவும் பிரிக்கிறாள். இந்த முறை வரி வரியாக நிறுத்தி, தனக்குத் தெரிந்ததோடு ஒட்டிப் பார்க்கிறாள். நாவலின் அச்சே அங்கேதான் திரும்புகிறது. நாயகி செய்வது மறுவாசிப்பு!

அந்த அத்தியாயம் வாசகரையும் முந்தைய பக்கங்களுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறது. 10ஆம் அத்தியாயத்தில் டார்சி அவளை ஆட அழைக்கிறான். தன் ரசனையைக் கேலி செய்யத்தான் கேட்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டு வெடுக்கென்று பதில் சொல்கிறாள். அவள் கண்கள் அவனை ஈர்க்கத் தொடங்கிவிட்டன என்று ஆசிரியர் 6ஆம் அத்தியாயத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டார். ஆனாலும் முதல் தடவை நாம் அவள் பக்கம் நின்று, அவளுடைய எரிச்சலோடுதான் அவனைப் பார்க்கிறோம். இரண்டாம் தடவை அதே நாலு வரியில் ஒரு கூச்சக்காரன் தெரிகிறான்.

நாவல் தாங்குமா என்று பார்க்க அதன் தடையைப் பாருங்கள். பமேலா ரெஜிஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காதல் நாவலுக்கு எட்டு இன்றியமையாத கூறுகளைச் சொல்கிறார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை, எல்லாம் முடிந்தது என்று தோன்றும் கணம் எல்லாம் அதில் அடக்கம். எட்டில் நான் முதலில் தேடுவது தடையை. கேட்க வேண்டிய கேள்வி: இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினால் இந்தச் சிக்கல் தீருமா? தீரும் என்றால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். எலிசபெத் மறுப்பதற்கு மூன்று காரணம் சொல்கிறாள். அக்கா ஜேனையும் அவளை நேசித்த பிங்லியையும் பிரித்தான், விக்கம் என்கிற இளம் அதிகாரியின் வாழ்க்கையைக் கெடுத்தான், அவன் நடத்தையில் திமிர். இதில் விக்கம் விஷயம் மட்டும்தான் பொய். மற்ற இரண்டும் உண்மை. கடிதம் பொய்யைத்தான் துடைக்க முடியும். மற்றதற்கு அவன் மாற வேண்டும், மாறியதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மீதி இருபத்தைந்து அத்தியாயம் அதற்குத்தான்.

மோசமான காதல் நாவல்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் உடைகின்றன. முக்கால் பாகத்தில், சண்டைக்குக் காரணமே இல்லாமல், வடிவத்துக்காக ஒரு பிரிவு வரும். அரைகுறையாய்க் கேட்ட பேச்சு, தவறாகப் பார்த்த அணைப்பு, இப்படி. இன்னொரு கோளாறு, நாயகன் ஓர் அத்தியாயம், நாயகி ஓர் அத்தியாயம் என்று மாறி மாறித் தன்கூற்றாகச் சொல்வது. திறமையாக எழுதினால் அழகுதான். பெரும்பாலும் என்ன ஆகிறதென்றால், எதிராளி மனசில் என்ன இருக்கிறது என்று நமக்கு உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. தப்புக்கணக்குப் போட நமக்கு இடமே இல்லை. இரண்டாம் வாசிப்பில் கண்டுபிடிக்கவும் ஒன்றும் இருக்காது. ஆகவே புது ஆசிரியரை எடுக்கும்போது முதல் அத்தியாயத்தோடு நிறுத்தாமல், முக்கால் பாகத்தில் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். முடிவு தெரிந்த வகைதானே, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ஃபேன்டசியும் காதலும் கலந்து இப்போது குவியும் ரொமான்டசி பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு நான் படிக்கவில்லை. படித்த சிலவற்றில் தொடரின் பாரம் காதலை அமுக்கிவிடுகிறது. இரண்டாம் பாகத்துக்குப் பொருள் வேண்டும் என்பதற்காகவே முதல் பாகத்தில் சேர்ந்தவர்களைப் பிரிக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஆஸ்டினின் "பர்சுவேஷன்". 24 அத்தியாயம்தான். எட்டு ஆண்டுக்கு முன் நிச்சயத்தை முறித்துக்கொண்ட ஆன், வென்ட்வொர்த் இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். பின்னிணைப்பில் "நீக்கப்பட்ட அத்தியாயங்கள்" உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள். 1816 ஜூலையில் ஆஸ்டின் நாவலை ஒருமுறை முடித்தார். அதில், வேறொருவரைத் திருமணம் செய்யப்போகிறாளா என்று பெரியவர் ஒருவர் சார்பில் கேட்டு வரச் சொல்லி வென்ட்வொர்த்தை ஆனிடம் அனுப்புகிறார்கள். அவள் இல்லை என்கிறாள், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டினுக்கு அது போதவில்லை. அடித்துவிட்டு, ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வேறு மாதிரி எழுதினார். இப்போது ஆன் ஜன்னலருகே நின்று, நம்பிக்கை போன பிறகும் பெண்கள் நேசித்துக்கொண்டே இருப்பதைப் பற்றி இன்னொருவரிடம் பேசுகிறாள். சற்றுத் தள்ளி மேஜையில் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் காதில் அது விழுகிறது. அவன் பேனா கீழே விழும் சத்தம் கேட்கிறது. பிறகு இன்னொரு தாளை எடுத்து, அவளுக்கு எழுதத் தொடங்குகிறான்.

இரண்டு வடிவத்திலும் முடிவு ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படியுங்கள், பழையதை முதலில்.