ரோட்டரி வண்டியை ட்யூனிங்குக்கு விடும் முன் காயிலைப் பாருங்கள்

டர்போ இல்லாத ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) வைத்திருப்பவர்கள், குறிப்பாக மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள், ஏர்-ஃப்யூவல் ட்யூனிங் (காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சரிசெய்வது) செய்யும் எண்ணத்தில் இருந்தால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ரோட்டரியில் நல்ல அனுபவம் உண்டு என்று சொன்ன ஒருவரை நம்பி வண்டியை விட்டேன். சில வாரங்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டது.

நான் கொண்டுபோன பிரச்சினை இதுதான். 6000 ஆர்பிஎம்முக்கு மேல் முழுசாக மிதித்தால் வைட்பேண்ட் (புகைக்குழாயில் இருக்கும் சென்சார்) 14-ஐத் தாண்டிக் காட்டியது, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14 பங்குக்கும் மேல் காற்று. இந்த எஞ்சினை ட்யூன் செய்பவர்கள் அந்த இடத்தில் 13-ஐ ஒட்டித்தான் வைப்பார்கள். அவர் பார்த்த உடனே "லீனா ஓடுது, மேப்புல பெட்ரோலைக் கூட்டிட்டா சரியாயிடும்" என்றார். லீன் என்றால் காற்றுக்குப் பெட்ரோல் குறைவு, மேப் என்பது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எஞ்சின் கணினியில் இருக்கும் அட்டவணை. காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுப்பது), பிளக் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்டேன், அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார். கழற்றியே பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வைட்பேண்ட் பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் எண்ணைச் சொல்கிறது. ஆகவே கலவை தீப்பிடிக்காமல் போனால் எரியாத பெட்ரோலோடு அதன் பங்குக் காற்றும் அப்படியே வெளியே வரும், சென்சார் அதை லீன் என்று காட்டும், உள்ளே பெட்ரோல் போதுமான அளவு இருந்தாலும் கூட. ஆர்எக்ஸ்-8-இல் ஒரு ரோட்டருக்கு லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு பிளக், மொத்தம் நான்கு காயில். லீடிங் காயில் பலவீனமானால் குறைந்த வேகத்தில் எப்படியோ சமாளித்துவிடும், மேலே லோடு ஏறும்போதுதான் விட்டுவிடும். இந்த வண்டியில் காயில் போவது ஊரறிந்த விஷயம், ரோட்டரி தெரிந்தவர் முதலில் கை வைக்க வேண்டிய இடமே அதுதான்.

அடையாளம் லாகிலேயே (ஓடும்போது பதிவான சென்சார் எண்கள்) இருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சீரான வேகத்தில் ஓட்டும்போது ஃப்யூவல் ட்ரிம் (கணினி தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்) கிட்டத்தட்ட பூஜ்யம், அதாவது அங்கே பெட்ரோல் குறைவில்லை. அதோடு, நிஜமாகவே லீன் என்றால் 5 சதவீதம் பெட்ரோல் கூட்டினால் ரீடிங்கும் ஏறக்குறைய அந்த அளவுக்கு நகர வேண்டும். இங்கே கூட்டக் கூட்ட ரீடிங் அங்கேயே தடுமாறிக்கொண்டிருந்தது, பவரும் ஏறவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் இன்னும் கூட்டினார்.

கூடுதல் பெட்ரோல், ரோட்டர் சுழலும் ஹவுசிங்கின் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் அந்தப் படலத்தை நம்பித்தான் உரசிக்கொண்டு ஓடுகிறது. எரியாமல் வெளியேறியதோ கன்வெர்ட்டரில் போய் எரிந்தது.

வண்டி இழுக்கவில்லை, கீழே சூடாக இருக்கிறது என்று திரும்பப் போனபோது "ரோட்டரின்னா சூடாத்தான் இருக்கும்" என்றார். லாக் கேட்டேன், பவர் கிராஃப் ஒன்றை நீட்டினார்.

அப்புறம் வேறொரு மெக்கானிக் நான்கு காயிலையும் பிளக்கையும் மாற்றி, கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றினார். முழு த்ராட்டிலில் ரீடிங் ஆடாமல் நின்றது. பெட்ரோல் கூட்ட வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. கம்ப்ரெஷனும் (உள்ளே எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று) பார்த்தோம், ரோட்டரிக்கான கருவியில், ஏனென்றால் ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சாதாரண கேஜ் அதைப் பிரித்துக் காட்டாது. பின் ரோட்டரில் ஒரு முகம் மற்ற இரண்டையும் விடக் குறைவு. அது அந்த ட்யூனரால் வந்ததா, முன்பே இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ட்யூனிங்குக்கு முன்பே அளந்திருந்தால் இன்று கையில் ஆதாரம் இருந்திருக்கும். நீங்கள் போகும் முன் அளந்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லாக் ஃபைலும் மேப் ஃபைலும் கொடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் கேட்ட லாக் இன்னும் வரவில்லை. கடைசி இரண்டு முறை அழைத்தபோது போனையே எடுக்கவில்லை.