பழைய .32 பிஸ்டலா, ரிவால்வரா, இரட்டைக் குழலா? தோட்டத்துச் சாளைக்கு எது சரி

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி. அதற்கப்புறம் கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், குடியிருப்பவர்கள் பலரும் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில், அடுத்த வீடு கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். "ஒரு கைத்துப்பாக்கி இருந்தா ராத்திரி கண்ணசரலாமுங்க" என்று ஒருவர் சொல்லும்போது அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் கையில் இருக்கிறது, பக்கத்து ஊரில் ஒருவர் பழைய பிஸ்டலைக் குறைந்த விலைக்குத் தருகிறார் என்றால் வாங்கலாமா? என் பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான்.

முதலில் சந்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். 9 எம்.எம். நம் நாட்டில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் கைத்துப்பாக்கி என்றால் நடைமுறையில் பெரும்பாலும் .32 (அங்குலத்தில் சொல்லும் குழல் அளவு) தான். 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் வணிக இறக்குமதி நின்றுபோனது. அதற்கு முன் வந்த வால்தர், வெப்ளி போன்றவற்றுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிடலாம். மலிவாக வருவது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 அசனி பிஸ்டல், அல்லது அதே தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர். மூன்றாவது, தாத்தா காலத்து 12 போர் இரட்டைக் குழல் நீளத் துப்பாக்கி.

பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் ஒரே .32 என்று சொன்னாலும் தோட்டா ஒன்றல்ல. பிஸ்டலுக்கு 7.65 பிரௌனிங், ரிவால்வருக்கு நீளமான ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடக் கூடாது. விற்பவர் "தோட்டாவும் சேர்த்துத் தர்றேன்" என்றால் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது.

பிஸ்டலின் பக்கம் உள்ள நியாயம் இது: தட்டையானது, இடுப்பில் உறுத்தாது, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் எட்டுத் தோட்டா. ரிவால்வரின் சுழலும் உருளையில் ஆறுதான். காங்கேயத்திலிருந்து கொப்பரைப் பணத்தோடு வண்டியில் வருகிற வியாபாரிக்கு இது பொருந்தலாம். ஆனால் நாம் பேசுவது ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு இடிபடும்போது எழுகிற அறுபத்தைந்து வயதுக்காரரைப் பற்றி. பத்திரமாக இருக்கட்டும் என்று பிஸ்டலின் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லாமல்தான் வைத்திருப்பார். அப்படியானால் எடுத்ததும் மேலே நகரும் பாகமான ஸ்லைடை முழுசாகப் பின்னால் இழுத்துவிட வேண்டும். இது சுட்ட வேகமே ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிற ப்ளோபேக் முறையில் ஓடுவது, அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். மூட்டுவலிக் கை பாதியில் விட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். தோட்டா வெடிக்காமல் போனாலும் மறுபடி ஸ்லைடை இழுக்க வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. வெடிக்கவில்லையா, விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டுக்கு ரிவால்வரைத்தான் சொல்வேன்.

பழைய சாமான் என்பதாலும் பிஸ்டலில் கவலை அதிகம். மேகசின் உதடு சற்று வளைந்தாலே தோட்டா சரியாக ஏறாது. மாற்று மேகசின் கிடைப்பதும் சுலபமில்லை. அப்புறம் துரு. இங்கே துப்பாக்கி சுட்டுத் தேய்வதைவிட பூட்டிக் கிடந்து கெடுவதுதான் அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்து, அங்கே எண்ணெய் காணாமல் மாதக்கணக்கில் கிடந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருகிற பொள்ளாச்சிப் பக்கத்துத் துப்பாக்கி என்றால் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் பேசவே வேண்டாம். உள்ளே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் வெளிப் பாலீஷுக்கு மதிப்பில்லை. ஸ்லைடில் மயிரிழை விரிசல் இருந்தால் அன்றோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரிவால்வரில் பார்க்க வேண்டியது உருளை ஆடுகிறதா, மேலே மடக்கித் திறக்கும் கொண்டி இறுக்கமாக இருக்கிறதா என்பது. எதைத் தொடும் முன்பும் தோட்டா இல்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

புது ரிவால்வர் வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. 2014-இல் வந்த நிர்பீக் அரைக் கிலோதான் எடை, அன்றைய விலை 1.22 லட்சத்தை ஒட்டி. பழையதுக்கும் புதுசுக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லையென்றால் பழையதைத் தேடி அலைய வேண்டாம்.

இரட்டைக் குழலை நம் ஆட்கள் பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மடக்கித் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிகிறது. கெடுவதற்குள்ள பாகங்கள் குறைவு. தோளில் அணைத்துப் பிடிப்பதால், சுட்டுப் பழகாத கைக்கும் பிஸ்டலைவிடக் குறி நிற்கும். தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது என்பது குறைதான், ஆனால் சாளைக்குள் இருப்பவருக்கு அது குறையே அல்ல. ஒன்று மட்டும்: அதை வைத்துக் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதும் வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலை அல்ல.

சட்டம் கைத்துப்பாக்கிக்கும் நீளத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான். இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கத் தற்காப்பு உரிமை உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. தேங்காய் திருடிவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் சிறை உங்களுக்குத்தான். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீடு என்றால் இரும்புப் பெட்டி இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தோட்டத்து வாசலில் வெளிச்சம், உள் தாழ்ப்பாள், இரண்டு நல்ல நாய், கேமரா, இவை இல்லாத வீட்டில் துப்பாக்கிக்குப் போடும் பணத்தை முதலில் இவற்றுக்குப் போடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பிஸ்டல்தான் வேண்டும் என்றால் முறைப்படி போங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஏற்கனவே இரண்டு இருந்தால் இது நடக்காது. விற்பவர் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விற்பவரையே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். அனுமதி உள்ள சுடுதளத்தில் இரண்டு மேகசின் நிறைய அவரே சுட்டுக் காட்டட்டும். ஒரு தோட்டா சிக்கினாலும், காட்ட மறுத்தாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம்.