கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்தை நம்பலாம், நேரத்தை நாம்தான் கணக்கிட வேண்டும்

இரண்டு நகரங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் இணையக் கருவிகள் ஏராளம். பலவும் நகரத்தின் மையத்திலிருந்து அளக்கின்றன. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளமோ விமான நிலையத்திலிருந்து அளக்கிறது. டோக்கியோவின் மையத்துக்கும் நரிடா விமான நிலையத்துக்கும் இடையே மட்டுமே சுமார் 60 கி.மீ. இருப்பதால், இது சின்ன வித்தியாசமல்ல.

இரு நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறுகோடு போட்டுத் தட்டினால் போதும். வழியில் இறங்கி ஏறுவதாக இருந்தால் அந்த ஊரின் குறியீட்டையும் இடையில் சேர்க்கலாம். காற்புள்ளி போட்டால் அது வேறொரு தடம்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி நிலையத்துக்குச் சுமார் 5,555 கி.மீ. காட்டுகிறது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்து ஹாவர்சைன் சூத்திரத்தில் (உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு நடுவிலான தூரத்தைக் காணும் சூத்திரம்) போட்டால் 5,540தான் வரும். துருவங்களில் பூமி சற்றுத் தட்டையாக இருப்பதை இந்தக் கருவி கணக்கில் எடுப்பதால்தான் அந்த 15 கி.மீ. வேறுபாடு. பயணத் திட்டத்துக்கு இரண்டுமே போதும்.

உண்மையில் தவறு நேர்வது அலகில். இதே தூரம் 3,451 மைல், அதாவது ஏறக்குறைய 3,000 கடல் மைல். விமான வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தால் கடல் மைலைத்தான் வகுக்க வேண்டும். சாதாரண மைலை வகுத்தால் நேரம் 15 சதவீதம் கூடிவிடும். அட்சரேகையை நீங்களே கொடுப்பதானால், 51 பாகை 28 கலை என்பது 51.28 அல்ல, 51.47 (ஒரு பாகைக்கு 60 கலை). இதில் தவறினால் 21 கி.மீ. தள்ளிப்போகும்.

நேரம் விஷயத்தில் கருவி பாதிதான் உதவுகிறது. தரைவேகத்தை, அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தை, நாம் கொடுத்தால் வகுத்துச் சொல்லும், காற்றை அறியாது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், மேற்கே போக 6 மணி 57 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 33 நிமிடம். ஆகவே ஒரே வேகத்தை இரு திசைக்கும் போடாதீர்கள். ஏறி இறங்கவும் வளைந்து செல்லவும் அரை மணி, ஓடுபாதை வரை ஊர்ந்து போய் வர இன்னொரு அரை மணி சேருங்கள். கால அட்டவணையில் இருப்பதற்கு நெருங்கி வந்துவிடும்.

500 கி.மீ. தடத்தில் வகுத்தல் அறவே உதவாது. 33 நிமிடம் என்று வரும். உண்மையில் ஒரு மணியை ஒட்டி ஆகும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் உச்சவரம்பு இருக்கிறது, முழு வேகத்தை எட்டியதும் இறங்கத் தொடங்கவும் வேண்டும்.

மூடிய வான்வெளியையும் கருவி காட்டாது. ஹெல்சிங்கி–டோக்கியோ தூரம் இன்றும் சுமார் 7,800 கி.மீ.தான். ஆனால் 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபின், ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. இப்படிப்பட்ட தடங்களுக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அதில் புறப்படும், சேரும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். லண்டனும் நியூயார்க்கும் வழக்கமாக 5 மணி நேர வேறுபாடு கொண்டவை. கடிகாரத்தை வெவ்வேறு வாரங்களில் மாற்றுவதால் மார்ச்சில் சில வாரங்கள் அது 4 மணியாகும்.