எண்ணிக்கையா, கருத்துக்கணிப்பா?

நூலகச் சேவையை மாற்றியாயிற்று. பலன் கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

செலவு: வருகை, இரவல் எண்ணிக்கை பதிவிலேயே கிடக்கிறது. கருத்துக்கணிப்புக்கு ஆளும் நேரமும் வேண்டும்.

நம்பகம்: எண்ணிக்கை காரணம் சொல்லாது. தேர்வு நேரத்தில் தானாகவே ஏறும். போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கணிப்பிலோ, வராமல் நின்றவர்கள் சிக்கமாட்டார்கள்.

ஆழம்: கணிப்புதான் மேல். நூலகச் சேவையின் தரத்தை வாசகரிடமே கேட்டு அளக்கும் லிப்குவால் (LibQUAL+) என்ற கணிப்பு முறையில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தேவை, விருப்பம், இப்போது கிடைப்பது என 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண். கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே இருந்தால் முதலில் அங்கே கைவைக்க வேண்டும். வெறுமனே ‘திருப்தியா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

திறந்திருக்கும் நேரத்தை நீட்டினீர்களா? எண்ணிக்கை போதும். பணியாளர் அணுகுமுறையை மாற்றினீர்களா? கேட்டுத்தான் ஆகவேண்டும். எதுவானாலும் மாற்றத்துக்கு முன்பே ஒருமுறை அளந்து வையுங்கள்.